அடுப்பேறாத் துவையல்

அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ ராமேஸ்வரத்தில் தொடங்குகிறது. அவருடைய தந்தை ஜைனுலாப்தீன் அதிகாலைத் தொழுகையை முடித்துக்கொண்டு, வீட்டிலிருந்து நான்கு மைல் தள்ளியிருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்துபோவார். பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிய பிறகுதான் அவருக்குக் காலைச் சாப்பாடு. அடுக்களைத் தரையில் உட்காரும் மகனுக்கு அம்மா வாழையிலையில் பரிமாறியவற்றைக் கலாம் வரிசையாகச் சொல்கிறார்: சோறு, சாம்பார், ஊறுகாய், ஒரு கரண்டி தேங்காய்ச் சட்னி.

இந்த வரிசையில் சோறும் சாம்பாரும் அடுப்பில் வெந்தவை. சட்னியின் கதை வேறு. பொட்டுக்கடலை சேர்க்காமல், தாளித்துக் கொட்டாமல் அரைத்தால் தேங்காய்ச் சட்னி அடுப்பைப் பார்ப்பதே இல்லை. பச்சைத் தேங்காய், பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் புளி, அவ்வளவுதான். பெருநகரக் கடைகளில் இன்று ‘ரா வீகன் ஸ்ப்ரெட்’ என்று கண்ணாடிக் குப்பியில் அடைத்து நல்ல விலைக்கு விற்பதும் இந்த வகைதான். ஊறவைத்த சூரியகாந்தி விதை, பாதாம், முந்திரி, எள் ஆகியவற்றில் ஒன்றை வேகவைக்காமல் அரைத்து, எலுமிச்சையும் உப்பும் சேர்த்து ரொட்டியில் தடவிக்கொள்வார்கள். பாலும் வெண்ணெயும் சேராது; நெருப்பும் சேராது.

ராமநாதபுரம் கரையில் இதற்கு வேண்டிய எல்லாம் கையெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. பாம்பன் தீவில் தென்னை, உள்நிலத்து மானாவாரிக் காடுகளில் எள், முதுகுளத்தூர், கமுதி பக்கம் முண்டு மிளகாய், வாலிநோக்கத்தில் உப்பளம். இவற்றை ஒன்றுசேர்த்துத் துவையலாக்குவது தண்ணீர். எவ்வளவு தண்ணீர், எப்படிப்பட்ட தண்ணீர், எத்தனை நேரம் என்ற மூன்று கேள்விகளுக்குள் ஏறக்குறைய முழு அறிவியலும் அடங்கிவிடுகிறது. துவையலை ஆக்குவதும் தண்ணீர்தான், கெடுப்பதும் தண்ணீர்தான் என்பதே இந்த அத்தியாயத்தின் சாரம்.

விதை இழுக்கும் நீர்

காய்ந்த எள்ளில் நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் ஈரம். உள்ளே உயிர் இருக்கிறது, ஆனால் அது வேலை செய்யவில்லை. செரிமானமும் இல்லை, வளர்ச்சியும் இல்லை. சுவாசம் கருவிக்கே எட்டாத அளவுக்குத் தாழ்ந்து கிடக்கிறது. நொதிகள் இருக்கின்றன, அவை நகர்ந்து வேலை செய்ய நீர் இல்லை.

தண்ணீரில் போட்டதும் முதலில் நடப்பது இயற்பியல். காய்ந்த புரதமும் செல்சுவரும் நீர் மூலக்கூறுகளைப் பற்றி இழுக்கின்றன. பாடப்புத்தகம் இதை உள்ளீர்த்தல் என்கிறது. நன்றாகக் காய்ந்த விதையின் இழுவிசை 100 மெகாபாஸ்கலைத் தாண்டலாம். அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்கு. பாறைப் பிளவில் மாட்டிக்கொண்ட விதை ஊறிப் பருத்துப் பாறையையே விரிசல்விடச் செய்வது இந்த விசையால்தான். இதற்கு உயிர் தேவையில்லை. செத்த விதையும் ஊறும், பருக்கும். ஆகவே விதை உப்பியிருப்பதை வைத்து அது ‘உயிருள்ள உணவு’ என்று முடிவுகட்ட முடியாது.

இரண்டாம் கட்டத்தில் நீர் உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலிருக்கும், ஆனால் உள்ளே வேலை மும்முரமாக நடக்கிறது. சுவாசம் தொடங்குகிறது, சிதைந்த மரபுப்பொருள் செப்பமாகிறது, பழைய நொதிகள் விழிக்கின்றன, புதியவை உருவாகின்றன. மூன்றாம் கட்டத்தில் முளைவேர் தோலைக் கிழித்து வெளியே வருகிறது. துவையலுக்கு முதல் கட்டமும் இரண்டாவதின் தொடக்கமும் போதும். முளைவிட்ட எள்ளை அரைத்தால் கசப்புத் தட்டும்.

முதல் கட்டத்தில் இன்னொன்றும் நடக்கிறது. எள்ளை ஊறப்போட்ட பாத்திரத்தை அரைமணி கழித்துப் பாருங்கள். தண்ணீர் கலங்கியிருக்கும், கைவிட்டு அலசினால் ஓரமாக நுரை தட்டும். காய்ந்த விதையின் செல்சவ்வுகள் ஒழுங்கு குலைந்து கிடப்பதால், நீர் வேகமாக உள்ளே பாயும்போது சர்க்கரை, அமினோ அமிலங்கள், பொட்டாசியம், கொஞ்சம் புரதம் எல்லாம் வெளியே கசிகின்றன. சவ்வு சீரானதும் கசிவு நின்றுவிடும். கசிந்தது முழுவதும் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. ஊறிய நீரைக் கொட்டிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

உவரும் நல்ல தண்ணீரும்

எப்படிப்பட்ட தண்ணீர் என்ற கேள்வி மற்ற ஊர்களைவிட ராமநாதபுரத்துக்குப் பொருந்தும். மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்தான். பிளாஸ்டிக் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி நல்ல தண்ணீருக்குப் போவது இங்கே நாள்தோறும் நடக்கும் வேலை. காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் சமையலுக்கு ஒரு குடம், புழங்குவதற்கு ஒரு குடம் என்று பிரித்து வைக்கும் வழக்கம் போகவில்லை.

தீவுக்குள் நிலைமை விசித்திரமானது. தனுஷ்கோடி மணலில் கடலிலிருந்து சில அடி தள்ளிக் கையால் பள்ளம் தோண்டினால் குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிட அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் தனிப்படலமாக நிற்பதுதான் இதன் சூட்சுமம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை அது கடல்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்று நீரியல் கணக்கு சொல்கிறது. மேலிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் அதே கணக்குத் தலைகீழாகி, அடியிலிருந்து உப்பு ஏறும்.

சரி, உவர்நீரில் எள் ஊறுமா? ஊறும். கடல்நீரின் சவ்வூடு இழுவை ஏறக்குறைய 2.5 மெகாபாஸ்கல், காய்ந்த விதையின் இழுவையோ அதைப் போலப் பல மடங்கு. எனவே முதல் கட்டத்தில் உப்புநீரிலிருந்தும் விதை நீரைப் பறித்துக்கொள்ளும். ஈரம் ஏற ஏற விதையின் இழுவை தளர்கிறது. அப்போது உப்பின் கை ஓங்கி, இரண்டாம் மூன்றாம் கட்டங்கள் முடங்கிவிடும். உவர் நிலத்தில் விதைத்தது உப்பிப் பருத்தும் முளைக்காமல் அழுகிப்போவது இதனால்தான்.

கடின நீரின் தொல்லை வேறு. அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் செல்சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்குகின்றன. போர்த் தண்ணீரில் துவரம்பருப்பு வேக மறுப்பது இப்படித்தான். எள்ளின் தோல் மெல்லியது என்பதால் அதற்கு இது பெரிய தடையல்ல. பயறு, கடலை போன்றவற்றுக்குத் தடைதான். எப்படியும் ஊறப்போட்டதை வேகவைக்கப் போவதில்லை. ஆகவே குடிக்கத் தகுந்த தண்ணீரில் மட்டுமே ஊறவைக்க வேண்டும். சமையலில் தண்ணீரின் குற்றத்தை நெருப்பு மன்னித்துவிடும். பச்சைத் துவையலில் மன்னிக்க யாரும் இல்லை.

ஊறினால் எவை போகும்?

ஊறவைத்தால் விதையின் ‘நச்சு’ எல்லாம் நீங்கிவிடும், சத்து பல மடங்காகும் என்று இயற்கை உணவுப் பிரசுரங்கள் பல சொல்கின்றன. பாதி உண்மைதான்.

விதைகள் பாஸ்பரசைப் பைட்டிக் அமிலமாகச் சேமிக்கின்றன. இது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்ச விடாது. எள்ளில் இது மிகுதி. இதை உடைக்கும் பைட்டேஸ் நொதி நன்றாக வேலை செய்ய இளஞ்சூடும் புளிப்பும் வேண்டும். சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊறினால் கொஞ்சம்தான் குறையும். பாதாமை ஊறவைத்துப் பார்த்த ஆய்வுகளில் பைட்டிக் அமிலம் சொல்லும்படி குறையவில்லை. முளைகட்டினால் கூடுதலாகக் குறையும். மாவைப் புளிக்கவைத்தால் இன்னும் குறையும். இட்லி இந்த வகையில் மேம்பட்டது.

எள்ளின் கால்சியம் பற்றியும் ஒரு வார்த்தை. தோலோடு கூடிய 100 கிராம் எள்ளில் ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் கால்சியம் என்பது பலரும் எடுத்துக்காட்டும் கணக்கு. எண்ணில் பிழையில்லை. ஆனால் அதன் பெரும்பகுதி தோலில், ஆக்சலேட்டோடு பிணைந்த கரையாத உப்பாக இருக்கிறது. உடம்பு அதை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. எள்ளை ஊறவைத்துச் சாக்கில் போட்டுத் தேய்த்துத் தோலை நீக்கினால் கசப்பும் ஆக்சலேட்டும் போகும், ஏட்டுக் கணக்கில் இருந்த கால்சியமும் போகும். நாக்கு லாபம் அடைகிறது. உடம்புக்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை.

‘உயிர் நொதிகள்’ சங்கதிக்கு வருவோம். 42 முதல் 48 பாகைக்கு மேல் சூடாக்கினால் உணவின் நொதிகள் அழிந்துவிடும் என்பது பச்சை உணவாளர்கள் வகுத்துக்கொண்ட எல்லை. எல்லா நொதிகளுக்கும் பொதுவான ஒரு வெப்பம் கிடையாது. தானியங்களின் மாவு கரைக்கும் நொதி சில 60 பாகையிலும் சளைக்காமல் வேலை செய்யும். நொதியும் புரதம்தான் என்பதால் அதை மற்றப் புரதங்களோடு சேர்த்து இரைப்பை அமிலம் குலைத்துவிடும். விதையின் நொதிகள் விதைக்கு முளைக்க உதவுபவை. நம் செரிமானத்துக்கு நம்மிடமே நொதிகள் இருக்கின்றன.

ஊறுவதால் உறுதியாகக் கிடைக்கும் நன்மை எதுவென்றால், மென்மை. அதுவே துவையலின் உயிர்.

செக்கும் அம்மியும்

ஒரே எள் செக்கில் ஆடினால் எண்ணெயும் பிண்ணாக்குமாகப் பிரிகிறது. அம்மியில் அரைத்தால் வெண்ணெய் போன்ற விழுதாகச் சேர்ந்து நிற்கிறது. எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். இவ்வளவு எண்ணெயும் அம்மியில் ஏன் வழிந்தோடவில்லை?

விதைக்குள் எண்ணெய் குட்டையாகத் தேங்கியில்லை. அது அரை மைக்ரானிலிருந்து இரண்டு மைக்ரான் வரை குறுக்களவுள்ள கோடிக்கணக்கான துளிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு தலைமுடியின் குறுக்கே ஐம்பது அறுபது துளிகளை வரிசையாக அடுக்கலாம். ஒவ்வொரு துளியையும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் படலம் மூடியிருக்கிறது. அதில் ஓலியோசின் என்ற புரதம் ஆணிபோல இறங்கி நிற்கிறது. இந்தக் கவசம் இருக்கும்வரை துளிகள் ஒன்றோடொன்று கலக்காது. விதை பல ஆண்டு உலர்ந்து கிடந்து மறுபடி நனைந்தாலும் எண்ணெய் ஒரே குழம்பாகத் திரளாமல் காப்பது அதுதான். முளைக்கும் நேரத்தில் நொதிகள் துளித்துளியாக எடுத்துச் செலவழிக்க இந்த ஏற்பாடு.

செக்கு இந்தக் கவசத்தை உடைக்கிறது. நன்றாக வெயிலில் காய்ந்த எள்ளைக் கொட்டி ஆட்டும்போது முதலில் அது பொடியாகிறது. எண்ணெய் கசிந்தாலும் பிரியாது. அந்தப் பதம் பார்த்துச் செக்கு ஆட்டுபவர் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார், கருப்பட்டியும் போடுவார். சற்று நேரத்தில் உலக்கையைச் சுற்றி எண்ணெய் கக்கும். பிண்ணாக்கு உரல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் எடுக்கத் தண்ணீர் எதற்கு? புரதமும் நாரும் எண்ணெயைவிட நீரை விரும்புபவை. சிறிதளவு நீர் கிடைத்ததும் அதைப் பற்றிக்கொண்டு அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. கருப்பட்டியின் பிசுபிசுப்பு இதற்குத் துணை. எண்ணெய்க்கு இடம் இல்லாமல் போக, அது வெளியேறுகிறது.

அம்மியில் நடப்பது நேர் எதிர். அங்கே எள் ஏற்கெனவே ஊறிப் பூரித்திருக்கிறது. குழவியின் கீழ் செல்கள் உடையும்போது எண்ணெய்த் துளிகள் கவசம் பெரும்பாலும் கலையாமலே தண்ணீருக்குள் வந்து விழுகின்றன. உடைந்த சில துளிகளையும் நீரில் கரைந்த புரதம் உடனே போர்த்திவிடுகிறது. நீர் சூழ்ந்திருக்க, எண்ணெய் அதில் மிதக்கும் பால்மம் இது. சின்னஞ்சிறு துளிகள் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிப்பதால் விழுது வெளுக்கிறது. தேங்காய்ப் பாலும் பசும்பாலும் வெள்ளையாக இருப்பதற்கும் இதே காரணம்.

இரண்டையும் ஒரே கிண்ணத்தில் பார்த்துவிடலாம். வறண்ட எள்ளை மிக்சியில் நைய அரைத்தால் பழுப்பான, வழுக்கும் விழுது கிடைக்கும். மேற்கு ஆசியாவின் ‘தஹினி’ அதுதான். அதில் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். இளகும் என்று எதிர்பார்ப்பீர்கள். அது இறுகி, கரண்டியோடு மல்லுக்கு நிற்கும். செக்கில் தண்ணீர் தெளித்த கட்டம் இது. விடாமல் இன்னும் இரண்டு மூன்று கரண்டி விட்டு அடித்தால் திடீரென்று இளகி, நிறம் வெளுத்துக் குழைவாகும். அதுவரை எண்ணெய்க்குள் அடங்கியிருந்த நீர், இப்போது எண்ணெயைத் தனக்குள் அடக்கிக்கொண்டுவிட்டது. கொஞ்சம் தண்ணீர் எண்ணெயைப் பிரிக்கும், போதிய தண்ணீர் எண்ணெயைச் சேர்க்கும்.

இந்தப் பால்மம் நிலையானதல்ல. சில மணி நேரத்தில் கொழுப்பு மேலே ஏறும், நீர் கீழே தங்கும். கடையில் விற்கும் தாவரப் பால்கள் பலவற்றில் அப்படிப் பிரியாதிருக்கக் கராஜீனன் என்ற பசையைச் சேர்க்கிறார்கள். அதைத் தரும் காப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி மண்டபம், பாம்பன் கரையில் வளர்கிறது. 3 மீட்டர் சதுர மூங்கில் தெப்பத்தில் பாசித் துண்டுகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு, 45 நாளில் பெண்கள் அறுவடை செய்கிறார்கள். இது அயல்நாட்டுப் பாசி. தெப்பத்திலிருந்து தப்பிக் குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் படர்ந்ததை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அன்றாடம் அரைத்து அன்றாடம் தின்னும் துவையலுக்கு இந்தப் பசை எதுவும் வேண்டாம்.

உப்பு, புளி, மிளகாய்

உப்பை எப்போது போடுவது? அரைக்கத் தொடங்கும்போதே. எள்ளின் முதன்மைப் புரதம் குளோபுலின் வகை. வெறும் நீரில் சரியாகக் கரையாது, உப்புநீரில் கரையும். கரைந்த புரதம்தான் எண்ணெய்த் துளிகளைப் போர்த்தும். கடைசியில் உப்பைத் தூவினால் ருசி வரும், குழைவு அவ்வளவாக வராது.

துவையலுக்குப் போடும் அளவு உப்பு அதைக் கெடாமல் காக்காது. நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு உப்புக்குப் பாக்டீரியா அஞ்சாது. ஊறுகாயில் பத்துப் பங்குக்கு மேல் போட்டால்தான் அஞ்சும். புளியின் டார்ட்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் கூடுதல் காவல். புளிப்பு ஏற ஏற இறங்கும் pH எண் 4.6-க்குக் கீழே போனால் கொடிய நஞ்சு உண்டாக்கும் பாட்டுலினம் தலையெடுக்காது. ஆனால் சால்மொனெல்லா அதிலும் சில நாள் தாக்குப்பிடிக்கும்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, தடித்த தோலோடு இருக்கும். வெயிலில் காய்வதால் அதுவும் அடுப்புக் காணாத பொருள்தான். அதன் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. எள்ளுத் துவையலில் அது எண்ணெய்த் துளிகளுக்குள் புகுந்துகொள்வதால் காரம் நாக்கில் உடனே உறைக்காது. மெல்ல ஏறி, நெடுநேரம் நிற்கும். அரைத்த கையோடு ருசி பார்த்து ‘காரம் போதவில்லை’ என்று இன்னொரு மிளகாய் போட்டவர்கள் பிறகு தண்ணீர்ச் செம்பைத் தேடுவார்கள்.

பச்சைத் துவையலுக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்க வேண்டாம். வறுத்த எள்ளின் மணம் இதில் வராது. அந்த மணம் சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் வினைபுரிந்து உண்டாக்கும் பைரசீன்களால் வருவது. அதைத் தண்ணீரால் தர முடியாது.

பனங்கொட்டை தரும் பாடம்

விதை தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும் விந்தையும் இந்தக் கரையில் உண்டு. பனம்பழக் கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மண் மூடினால், மழைக்காலத்தில் முளைவிட்டு, பொங்கலையொட்டிப் பனங்கிழங்காகும். கிழங்குக்கு முன் ஒரு கட்டத்தில் கொட்டையை வெட்டிப் பிளந்தால் உள்ளே வெண்மையாக, பஞ்சு போல, இனிப்பாக ஒன்று இருக்கும். தவுன் என்று பிள்ளைகள் அதற்கு அடித்துக்கொள்வார்கள். நுங்காக இருந்தபோது வழுவழுத்த அதே உணவுச் சேமிப்பு, முற்றியதும் கல்லாக இறுகிவிடுகிறது. முளைக்கரு நீட்டும் உறிஞ்சுறுப்பு நொதிகளைச் சுரந்து அந்தக் கல்லைச் சர்க்கரையாகக் கரைக்கிறது. நாம் தின்பது அந்த உறிஞ்சுறுப்பை. முளைத்த தேங்காயில் கிடைக்கும் தேங்காய்ப் பூவும் இதே உறுப்புதான். இரண்டும் பச்சையாகவே தின்னத் தகுந்தவை.

அதற்கு அடுத்து வரும் கிழங்கை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. மஞ்சள் போட்டு அவிப்பார்கள். கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் பச்சைக் கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்குகிறார்கள். அதன் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, நீரை இறுத்துக் கசப்பைப் போக்கிய பிறகே கூழ் காய்ச்சுகிறார்கள். 1970-களில் இலங்கை ஆய்வாளர்கள் பனங்கிழங்கு மாவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதில் நச்சுத்தன்மை இருப்பதைப் பதிவு செய்தார்கள். ஒரே கொட்டையில் தவுன் பச்சைக்கு ஏற்றது, கிழங்கு ஏற்றதல்ல. ‘இயற்கையானது, ஆகவே பச்சையாகத் தின்னலாம்’ என்பது எவ்வளவு பிழையான கணக்கு என்பதற்கு இது போதும்.

காந்தி நிறுத்திய சோதனை

அடுப்பில்லா உணவை நம் நாட்டில் விரிவாகச் சோதித்துப் பார்த்து, முடிவை ஒளிக்காமல் எழுதியவர் காந்தி. 1893-இல் பிரிட்டோரியாவில் கோதுமையையும் பட்டாணியையும் ஊறவைத்துப் பச்சையாகத் தின்று பார்த்தார். உடம்பு ஒத்துழைக்காததால் சில நாளில் கைவிட்டார். 1929-இல் மறுபடி தொடங்கினார். இந்த முறை தட்டில் இருந்தவை முளைகட்டிய கோதுமை 8 தோலா, விழுதாக அரைத்த பாதாம் 8 தோலா, இடித்த கீரை, எலுமிச்சை, தேன். தேனைத் தவிர்த்துப் பார்த்தால் இன்றைய பச்சை விதை அரைப்பு அப்படியே அங்கே இருக்கிறது. ‘யங் இந்தியா’வில் சோதனையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். ஆகஸ்டில் சீதபேதி கண்டது, நிறுத்திக்கொண்டார்.

காந்திக்குச் சீதபேதி எதனால் வந்தது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்வது சரியாகாது. ஆனால் வெப்ப நாட்டில் ஈரமான விதை என்றால் கிருமிகளின் கணக்கையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

பச்சைக்கு ஆகாதவை

ஜெர்மனியில் 2011-இல் ஈ.கோலி கிருமியின் கொடிய வகை ஒன்றால் ஏறக்குறைய 3,800 பேர் நோயுற்றார்கள். 50 பேருக்கு மேல் இறந்தார்கள். துப்புத் துலக்கியபோது காரணம் முளைகட்டிய வெந்தயம் என்று தெரிந்தது. எகிப்திலிருந்து இறக்குமதியான விதைமீது சந்தேகம் விழுந்தது. காய்ந்த விதையின் தோல் மடிப்பில் கிருமி மாதக்கணக்கில் உறங்கும். ஈரமும் இளஞ்சூடும் கசிந்த சர்க்கரையும் கிடைத்தால் சில வகைக் கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். சித்திரை மாதத்து ராமநாதபுரத்தில் அடுக்களையின் சூடு அதற்கு ஏற்றதாகவே இருக்கும். ஒன்று ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். கணக்கு அவ்வளவு எளிது.

எந்த விதையைப் பச்சையாக அரைக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. தேங்காய், எள், சூரியகாந்தி, பூசணி விதை, இனிப்புப் பாதாம் ஆகியவை தகும். ராமநவமிக்குப் பாசிப்பருப்பை ஊறவைத்து, தேங்காயும் மாங்காயும் சேர்த்துப் பச்சையாகவே கொடுப்போம், அதுவும் தகும். சிவப்பு ராஜ்மா அறவே கூடாது. அதிலுள்ள லெக்டின் ஊறலில் அழியாது. நன்றாகக் கொதிக்க வேண்டும். ஊறிய பச்சை விதை நான்கைந்து போதும் வாந்தி எடுக்க. சோயாவின் டிரிப்சின் தடுப்பான்களும் நெருப்புக்குத்தான் அடங்கும். நிலக்கடலையில் பூஞ்சணம் பிடித்திருந்தால் அஃப்ளாடாக்சின் இருக்கலாம். ஊறவைத்தாலும் அது போகாது. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் பொறுக்கி எறிவதே வழி. எள்ளே சிலருக்கு ஒவ்வாமை தரும். அமெரிக்கா 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள் இருப்பதைக் கட்டாயம் அச்சிடச் சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயம். வீட்டில் யாருக்காவது எள் சாப்பிட்டால் தடிப்போ மூச்சுத்திணறலோ வருமானால் இந்தத் துவையல் அவருக்கு வேண்டாம்.

செய்முறை

ஒரு கைப்பிடி வெள்ளை எள்ளைக் கல்லும் மண்ணும் போக அரித்து, மூன்று தண்ணீர் அலசுங்கள். குடிநீரில் நான்கு மணி நேரம் ஊறட்டும்; இரவு முழுக்க ஊறவேண்டுமானால் குளிர்பெட்டியில் வையுங்கள். ஊறிய நீரைக் கொட்டி மறுபடி அலசுங்கள். இரண்டு முண்டு மிளகாயையும் சுண்டைக்காய் அளவு புளியையும் தனியே கொஞ்சம் தண்ணீரில் நனைத்து வையுங்கள். முதலில் மிளகாய், புளி, உப்பை அரைத்து, பிறகு எள்ளைப் போட்டு, எள் பாதி மசிந்ததும் கால் மூடித் தேங்காய்த் துருவலைச் சேருங்கள். தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் விதை நழுவி மசியாது. மிக்சியானால் விட்டுவிட்டு ஓட்டுங்கள், ஜாடி சூடாக வேண்டாம். விரலால் தொட்டால் திரிதிரியாக இல்லாமல் வெண்ணெய்ப் பதமாக வரும்போது நிறுத்துங்கள்.

தேங்காய் சேர்ந்த பிறகு இதன் ஆயுள் வெளியில் இரண்டு மணி நேரம், குளிர்பெட்டியில் அன்றைய நாள் மட்டும். சளித்த வாடையோ சோப்பு ருசியோ தட்டினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். தேங்காய்க் கொழுப்பை நொதிகளும் கிருமிகளும் உடைக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயால் தளர்ந்தவர்கள் இருக்கும் வீட்டில் எள்ளை வறுத்தே அரையுங்கள். மற்றவர்கள் தாராளமாகப் பச்சையாகச் சாப்பிடலாம். மருந்தாக நினைத்துச் சாப்பிட வேண்டாம், துவையலாகச் சாப்பிடுங்கள். மிஞ்சியதை மறுநாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். நாளைக்கு வேண்டுமானால் நாளைக்கு இன்னொரு கைப்பிடி எள்ளை ஊறப்போடுங்கள்.